பொய்யீயும் மெய்மீனும்



ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் மீன்பிடித்தலைப் பற்றி ஓர் உரையா என்னும் வியப்பு அவையில் எழுவது இயல்பே. அதுவும் இது நம் கடற்கரைப் பரதவரின் வலைத்தொழில் பற்றியதன்று. அமெரிக்க நாட்டு ஆறுகளில், கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி ஒருவரின் துணையோடு, மயிராலும் இறகாலும் கட்டிய பொய்யான ஈயை வீசி ஒரு மீனைப் பிடித்து, பிடித்த மீனை அங்கேயே விட்டுவிட்டு வரும் ஒரு வழக்கத்தைப் பற்றியது. உண்பதற்கும் இல்லை, விற்பதற்கும் இல்லை. ஆயினும் இந்த வழக்கத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் ஐந்நூறு ஆண்டு நீளமுடைய ஓர் இலக்கியம் வளர்ந்திருக்கிறது. பொய்யைக் கொண்டு மெய்யைத் தொட முயலும் எந்தக் கலையும் கவிஞர்க்கு அயலானதன்று. அந்த உறவின் வழியே இப்பொருளை அணுகுவது இவ்வுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அந்த இலக்கிய மரபைச் சுருக்கமாகக் காண்போம். தூண்டில் கொண்டு மீன்பிடித்தலைப் பற்றிய ஆங்கில உரைநடை நூல் ஒன்று 1496இல் அச்சேறியது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண் துறவி இயற்றியதாக மரபு கூறும் அந்நூலில் பன்னிரண்டு செயற்கை ஈக்களைக் கட்டும் முறை சொல்லப்பட்டுள்ளது. ஆசிரியர் அவர்தாமா என்பது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. அடுத்து 1653இல் ஐசக் வால்ட்டன் எழுதிய ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ வெளிவந்தது. உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து அலைக்கழிந்து மன்னரும் தலை இழந்த காலத்தை ஒட்டி, ஆற்றங்கரை அமைதியைப் பாடிய நூல் அது. 1676இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் வால்ட்டனின் நண்பர் சார்லஸ் காட்டன் ஈத்தூண்டிலுக்கென ஒரு தனிப் பகுதியை எழுதிச் சேர்த்தார். இருபதாம் நூற்றாண்டில் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1925இல் வெளியிட்ட ‘பிக் டூ ஹார்ட்டட் ரிவர்’ கதையில், போரிலிருந்து மீண்ட இளைஞன் ஒருவன் மிச்சிகன் மாநிலத்து ஆற்றில் மீன்பிடிக்கிறான். போர் என்னும் சொல் கதையில் வாராமலே போரின் காயம் முழுதும் அதில் உணர்த்தப்படுகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நார்மன் மெக்லீன், தம் 73ஆம் வயதில், 1976இல், ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ நூலை வெளியிட்டார். காப்பாற்ற இயலாமற்போன தம்பியைப் பற்றிய துயரநூல் அது. ஈத்தூண்டில் அதில் ஒரு குடும்பத்தின் வழிபாட்டு மொழியாகவே அமைந்தது. 1992இல் அது திரைப்படமாகவும் வந்தது.

இந்நூல்களிலெல்லாம் பெருமை பெற்ற மீன் டிரௌட் என்பது. குளிர்ந்த தெளிநீரில் வாழும் அதற்குப் பாடல் பெற்ற தலங்கள் போலப் புகழ்பெற்ற ஆறுகள் பல உண்டு. ஆனால் அமெரிக்காவின் கிழக்கும் நடுவும் ஓடும் பல ஆறுகளில், கலங்கியும் தெளிந்தும் வெதுவெதுப்பாகவும் ஓடும் நீரில், வேறொரு மீன் வாழ்கிறது. ஸ்மால்மவுத் பாஸ் என்பது அதன் பெயர். தமிழில் சிறுவாய் மீன் எனலாம். இவ்வுரையின் தலைவன் அம்மீனே.

சிறுவாய் மீனின் பெயர் பிறந்த கதையே சுவையானது. 1802இல் பிரெஞ்சு இயற்கை அறிஞர் லாசெபேத், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மீனின் பதப்படுத்திய உடலைக் கண்டு அதற்கு அறிவியற் பெயரிட்டார். அந்த உடலில் முதுகுத் துடுப்பின் பிற்பகுதி எவ்வாறோ சிதைந்து, பின்னால் ஒரு சிறு துடுப்பு தனியே இருப்பதுபோலத் தோன்றியது. அதனை இயற்கை என்று கருதிய அவர், ‘சிறு துடுப்புடையது’ எனப் பொருள்படும் ‘மைக்ரோப்டெரஸ்’ என்னும் பேரினப் பெயரை வழங்கினார். தம் நண்பரும் நிலவியல் அறிஞருமான தொலோமியேயின் பெயரைச் சிற்றினப் பெயராக்கினார். சிதைவு ஒரு தனி உயிரின் விபத்து; இனத்தின் இயல்பன்று. பிழை பின்னர்த் தெரியவந்தது. எனினும் முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்பது அறிவியல் மரபாதலால் பெயர் மாறவில்லை. காயம் பட்ட ஒன்றைக் கண்டு, காயத்தையே இயல்பெனக் கருதிப் பெயரிட்டுவிடும் வழக்கம் மீனுலகத்தோடு நின்றுவிடுவதன்று என்பதைச் சொற்களோடு பழகும் இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இம்மீனுக்காக முதன்முதலில் எழுந்து வழக்காடியவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஹென்ஷால் என்னும் மருத்துவர். 1881இல் அவர் எழுதிய ‘புக் ஆஃப் தி பிளாக் பாஸ்’ என்னும் நூல், டிரௌட்டுக்குக் கிடைத்த மதிப்பு இம்மீனுக்குக் கிடைக்காததை ஓர் அநீதியாகவே கண்டு முறையிட்டது. தன் அளவுக்கும் எடைக்கும் இதனைப்போல் எதிர்த்துப் போராடும் மீன் வேறில்லை என்பது அவர் துணிபு. பாடல் பெறாத தலத்துக்குப் பாடல் பெற்றுத் தரப் பாடுபட்டவர் அவர் எனலாம்.

இனி ஆற்றுக்கு வருவோம். பொட்டோமாக், ஷெனண்டோவா, ஜேம்ஸ், சஸ்குவெஹானா ஆகியவை கிழக்கு அமெரிக்காவில் இம்மீனுக்குப் பேர்போன ஆறுகள். இவை பெரும்பாலும் அகன்றவை, ஆழம் குறைந்தவை. ஆற்றின் குறுக்கே பாறை வரிகள் படிக்கட்டுகள்போல் ஓடுகின்றன. நீர் அவற்றின்மேல் விழுந்தும் பிளந்தும் செல்கிறது. கோடைக்காலத்து விடியலில் வழிகாட்டி தம் படகைக் கரையில் இறக்கி, தூண்டிற்கோல்களைப் பூட்டி வைத்துவிட்டு வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பார். வருகிறவர் வழக்கறிஞராக இருக்கலாம்; ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். கரையில் அவருடைய தகுதிகள் எவையாயினும், படகில் ஏறிய பின்னர் அவர் மாணாக்கரே.

இப்படகைச் செலுத்தும் முறை நோக்கத்தக்கது. வழிகாட்டி நடுவில் அமர்ந்து, ஆறு ஓடும் திசையை நோக்கியே துடுப்புப் போடுகிறார். படகை முன்னே செலுத்துவதற்காக அன்று. முன்னே ஓடவிடாமல் பின்னிழுப்பதற்காக. ஆற்றின் வேகத்தைவிடப் படகு சற்றே மெதுவாகச் செல்லவேண்டும். அப்போதுதான் முன்னிருக்கையில் நிற்பவருக்கு ஒவ்வொரு பாறையையும் பார்க்கவும், அதன் நிழலில் ஈயை இடவும் பொழுது கிடைக்கும். எட்டு மணி நேரமும் ஒருவர் தோள்வலியோடு பின்னிழுத்துக்கொண்டிருப்பதால்தான் மற்றவர்க்கு அந்த ஆறு நிதானமாகத் தோன்றுகிறது. வாடிக்கையாளர் பலர் இதனை மாலைவரை உணர்வதில்லை.

வழிகாட்டி பேசும் மொழி மிகச் சுருக்கமானது. படகின் மூக்கு பன்னிரண்டு மணி. அதிலிருந்து இடமும் வலமும் கடிகார எண்களாலேயே திசை குறிக்கப்படும். “பத்து மணி, நாற்பது அடி, பாறைக்குக் கீழே” என்றால் போதும். ‘அதோ அந்தப் பெரிய பாறைக்குப் பக்கத்தில்’ என்று சொல்லி முடிப்பதற்குள் படகு அந்த இடத்தைக் கடந்திருக்கும். ஓடும் நீரில் சொல்லப்படும் சொல்லுக்குச் சுருக்கம் அழகன்று, கட்டாயம்.

அவர் நீரைப் படிக்கும் முறையும் கற்கத்தக்கது. வேக நீரும் தேங்கிய நீரும் உரசிச் செல்லும் இடத்தில் மேற்பரப்பில் மெல்லிய ஒரு கோடு தோன்றும். மீன் அக்கோட்டின் தேங்கிய பக்கத்தில் நிற்கும். உடலை வருத்தாமல் நின்றுகொண்டு, வேக நீர் கொண்டுவரும் இரையை எட்டிப் பிடிக்கும். பாறையின் பின்புறச் சுழி, கரையோர மரத்தின் நிழல், நீர்ப்பாசித் திட்டின் விளிம்பு ஆகியனவும் அத்தகைய இடங்களே. புதியவர் கண்ணுக்கு ஆறு முழுவதும் ஒரே நீர். வழிகாட்டியின் கண்ணுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே மீன் வாழும் நீர். எஞ்சியது மீன் கடந்துபோகும் நீர்.

இந்தக் கலையின் நுட்பம் எறிதலில் உள்ளது. பொதுவான தூண்டிலில் முனையிலுள்ள ஈயக்குண்டு அல்லது இரையின் கனம் பறந்து சென்று நூலைத் தன்னோடு இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் முனையிலுள்ள ஈக்குக் கனம் மிகக் குறைவு. ஆகவே கனம் நூலுக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. நூல் பறந்து சென்று ஈயைக் கொண்டுபோய் இடுகிறது. ஒன்பது அடிக் கோலைப் பின்னே வீசினால் நூல் தலைக்குமேல் ஒரு வளைவாகப் பிரிந்து பின்புறம் நீளும். அது முழுவதும் நீண்டு முடியும்வரை எறிபவர் காத்திருக்க வேண்டும். பின்னர்தான் முன்னே வீசலாம். புதியவர் செய்யும் தவறு ஒன்றே: காத்திருப்பதில்லை. பின்னே நூல் விரியும் முன்னரே முன்னே அடிப்பார். நூல் அவர் காலடியிலேயே குவியலாக விழும். வலிமையைக் கூட்டினால் இன்னும் மோசமாக விழும். எறிதலைக் கற்பிப்பதில் பெரும்புகழ் பெற்ற லெஃப்டி கிரே, 1925இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்து, அவ்வட்டாரத்துச் சிறுவாய் மீன்களிடமே கலை பயின்றவர், 2018இல் மறைந்தார். வலிமையைக் குறைத்து நூலுக்கு உரிய பொழுதைக் கொடுப்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கற்பித்த பாடத்தின் சாரம்.

இனி, ஈ என்று குறிக்கப்படும் பொருளைக் காண்போம். பெயர் ஈயாயினும் அது எப்போதும் ஈயைப் போன்றதன்று. சிறுவாய் மீனின் விருப்ப உணவு, நண்டுக்கும் இறாலுக்கும் இடைப்பட்ட வடிவுடைய கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிர். சிறுமீன்கள், கல்லடியில் வாழும் புழுக்கள், தும்பிகள், தவளைகள் ஆகியனவும் அதன் இரை. இவற்றுக்கெல்லாம் போலி செய்யப்படுகிறது. மானின் வால்மயிர், கோழி இறகு, மின்னும் இழை, சிறிது நூல் ஆகியவற்றை ஒரு முள்ளின்மேல் கட்டிச் செய்யும் போலிகள் இவை.

இங்கே தமிழ் மாணவர்க்கு ஒரு நினைவு எழாமல் இராது. தொல்காப்பியர் உவமை பிறக்கும் நிலைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். செயல் ஒத்தல், விளைவு ஒத்தல், வடிவு ஒத்தல், நிறம் ஒத்தல் என அவற்றை விளக்கலாம். ஈ கட்டுவோர் தொல்காப்பியம் அறியாதவர்கள். ஆயினும் அவர்கள் பெட்டியைத் திறந்தால் இந்நான்கு அறைகளும் அதில் உள்ளன.

வடிவு ஒத்தலுக்குக் கிரேஃபிஷ் போலி சான்று. இரு கொடுக்குகள், மடிந்த வால் என உறுப்புக்கு உறுப்பு அமைத்து ஆற்றின் அடியில் ஊர்ந்து வருமாறு அதனை இழுப்பர்.

நிறம் ஒத்தலுக்கு வெள்ளை மே ஈ சான்று. கோடை முதிர்ந்த மாலைகளில் சஸ்குவெஹானா, பொட்டோமாக் ஆறுகளின் மேல் ஒருவகை வெண்ணிற ஈக்கள் நீரிலிருந்து இலட்சக்கணக்கில் எழும். மழைக்குப் பின் நம் ஊரில் எழும் ஈசலை எண்ணிக்கொள்ளலாம். ஆற்றடியில் நெடுநாள் புழுவாய் வாழ்ந்தவை சிறகு பெற்றபின் ஓரிரவும் முழுமையாக வாழ்வதில்லை. கூடி, முட்டையிட்டு, நீரிலேயே விழுந்து மடியும். இருள் சூழும் அவ்வேளையில் மீன் காண்பது ஒரு வெண்மையை மட்டுமே. ஆகவே போலிக்கு வெண்மையே போதும்.

விளைவு ஒத்தலுக்குப் பாப்பர் என்னும் மிதவை ஈ சான்று. முகம் குழிந்த ஒரு சிறு தக்கைத் துண்டே அது. உலகில் எந்த உயிரைப் போலவும் அது இல்லை. ஆனால் நீர்ப்பரப்பில் அதனைச் சுண்டி இழுத்தால் ‘குளுக்’ என்னும் ஓர் ஒலியும் ஒரு நீர்வளையமும் எழும். தவளையோ தும்பியோ தவறி விழுந்ததால் விளையும் ஒலி அது. பொருள் ஒவ்வாதிருந்தும் பயன் ஒத்திருப்பதால் மீன் நம்புகிறது.

செயல் ஒத்தலுக்கு மிகச் சிறந்த சான்று கிளௌசர் மின்னோ. பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவெஹானா ஆற்றில் வழிகாட்டியாகத் தொழில் செய்த பாப் கிளௌசர் 1980களில் இதனை உருவாக்கினார். வண்ணமிட்ட இரு ஈயக் கண்கள், சிறிது மான்மயிர், சிறிது மினுக்கு, அவ்வளவே. நீருக்கு வெளியே அதனைக் காண்பவர்க்கு அது எதனைப் போலவும் தோன்றாது. ஆனால் நீரில் நூலை இழுத்தால் விரையும், இழுப்பதை நிறுத்தினால் தலை கவிழ்ந்து மூழ்கும்; மீண்டும் இழுத்தால் எழும். அஞ்சி ஓடும் சிறுமீனின் செயல் முழுவதும் அதில் உண்டு. மேலும் ஈயக் கண்களின் கனத்தால் முள் மேல்நோக்கித் திரும்பி நிற்பதால் பாறையில் சிக்குவது குறைவு. நாள்தோறும் ஆற்றில் நின்ற ஒருவரின் கைத்தேவையிலிருந்து பிறந்த வடிவம் அது. இன்று உலகெங்கும் நன்னீரிலும் உப்புநீரிலும் பல்வகை மீன்களுக்கு அது வீசப்படுகிறது.

இதிலிருந்து ஒன்று பெறப்படுகிறது. பொருளை அப்படியே படியெடுத்தல் போலியின் வெற்றிக்குத் தேவையன்று. எதிரே உள்ள உயிர் எதனைக் கொண்டு அப்பொருளை அடையாளம் காண்கிறதோ, அந்த ஒரு கூறு மெய்யாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் டிரௌட் ஆறுகளில் ஈயை எவ்வளவு துல்லியமாக ஒத்திருக்கச் செய்ய வேண்டும் என்பது பற்றிய சொற்போர் தலைமுறை கடந்தும் நீண்டது. வெதுநீர் ஆற்றின் வழிகாட்டி அந்தச் சொற்போரில் இறங்குவதில்லை. மீன் தொட்டதா, தொடவில்லையா என்பதே அவருடைய திறனாய்வு. மீன் தொடாத ஈயை அவர் பெட்டியில் அழகுக்காக வைத்திருப்பதில்லை.

சிறுவாய் மீன் தொடும் கணம் திடீரென்று வரும். நூல் ஒரு விரற்கடை நின்றதுபோல் தோன்றும், கை இழுக்கும், அடுத்த நொடியில் வெண்கல நிற உடல் ஒன்று நீரைப் பிளந்து காற்றில் எழுந்து தலையை உதறும். கீழே பாறைக்குள் பாயும், மீண்டும் எழும். கைக்கு வந்தபின் பார்த்தால் செந்நிறக் கண்களும், பக்கவாட்டில் செங்குத்தாக இறங்கும் கருவரிகளும் தெரியும். ஒரு முழ நீளமுள்ள மீன் பெரும்பாலும் பத்தாண்டு வயதை எட்டியதாக இருக்கும். இம்மீன் மெல்ல வளர்வது. அதனை வழிகாட்டி அறிவார். ஆகவே தம் கையை நனைத்துக்கொண்ட பின்னரே மீனைத் தொடுவார். உலர்ந்த கை அதன் உடலின் வழுவழுப்பான காப்பைத் துடைத்துவிடும். கொக்கி நீக்கிய முள்ளை ஒரு திருப்பில் கழற்றி, ஓட்டத்தை எதிர்நோக்கும்படி நீரில் பிடித்து, அது தானாக வாலடித்துக் கையை விட்டு நீங்கும்வரை காத்திருப்பார்.

இவ்விடத்தில் அவையினர் மனத்தில் எழும் வினா ஒன்றைத் தவிர்த்துச் செல்லுதல் முறையாகாது. உண்ணாத மீனைப் பிடித்து வருத்துவானேன்? பசிக்குக் கொல்வதைவிடப் பொழுதுபோக்குக்கு வருத்துவது மேலானதா? இவ்வினா நமக்கு மட்டும் தோன்றுவதன்று. விட்டுவிடும் நோக்கத்தோடே மீன்பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து 2009 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. உண்பதற்கன்றி ஓர் உயிரைத் துன்புறுத்துவது தகாது என்பது அவர்கள் வாதம். அமெரிக்கரின் வாதம் வேறு. கொண்டுபோய்ச் சமைத்தால் ஆறு சில ஆண்டுகளில் வெறுமையாகும். விட்டுவிட்டால் ஆறும் நிலைக்கும், ஆற்றின்மேல் அன்புடையோரும் பெருகுவர், அவர்களே ஆற்றுக்குக் காவலராவர் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் விட்டுவிடுதல் ஒன்றே அறமாகிவிடாது. விடப்பட்ட மீன்கள் யாவும் பிழைப்பதில்லை. வெப்பம் மிகுந்து நீரில் உயிர்வளி குறைந்த நாளில் நெடுநேரம் போராடிய மீன் விட்டபின்னும் மடியக்கூடும். கருணை என்பது கையை விரிக்கும் கணத்தில் தொடங்குவதன்று. கோலை எடுப்பதா வேண்டாவா என்று எண்ணும் கணத்தில் தொடங்குவது.

இதற்கு இம்மீனின் வாழ்விலேயே கூரிய சான்று ஒன்று உண்டு. இளவேனிலில் நீர் ஏறத்தாழ 15 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது ஆண்மீன் ஆழமற்ற சரளைத் தரையில் தன் வாலால் விசிறி வட்டமான ஒரு கூட்டைத் துப்புரவாக அமைக்கும். பெண்மீன் வந்து முட்டையிட்டுச் சென்றுவிடும். அதன்பின் கூட்டுக்கு ஆணே தாயும் தந்தையும். முட்டைகள்மேல் மண் படியாமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரித்த குஞ்சுகள் கருந்திரளாய் எழுந்து, தாமே பிழைக்கும் வலிமை பெறும்வரை வாரக்கணக்கில் காவல் நிற்கும். அந்நாட்களில் அது உணவு தேடிச் செல்வது அரிது. ஆனால் கூட்டின் அருகே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

ஆகவே ஆண்டு முழுவதிலும் இம்மீனைப் பிடிக்க மிக எளிய காலம் அதுவே. எறியத் தெரியாதவரும் பெரிய மீனைப் பிடித்துவிடலாம். மீன் ஈயைக் கடிப்பது பசியால் அன்று, பிள்ளைகளைக் காப்பதற்காக. அதனைப் பிடித்து, படம் எடுத்து, மென்மையாக விட்டாலும், அந்தச் சில நிமிடங்களில் சுற்றிலும் காத்திருக்கும் சிறுமீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். களைத்துத் திரும்பும் தந்தை எஞ்சியவை சில என்று கண்டு கூட்டைக் கைவிடுவதும் உண்டு. மீன் பிழைத்தது, ஒரு தலைமுறை போயிற்று.

இங்கேதான் நல்ல வழிகாட்டிக்கும் மற்றவர்க்கும் வேறுபாடு தெரிகிறது. வாடிக்கையாளர் ஒரு நாளைக்குப் பெருந்தொகை கொடுத்திருக்கிறார். தெளிந்த நீரில் கூடும் தெரிகிறது, அதன்மேல் நிற்கும் பெரிய மீனும் தெரிகிறது. “அங்கே எறியலாமா?” என்று அவர் கேட்கிறார். “அது வீட்டில் இருக்கிறது, ஐயா. வேறிடம் போவோம்” என்று சொல்லித் துடுப்பை இழுக்கும் வழிகாட்டிகள் உள்ளனர். அன்றைய நாளின் மிகப்பெரிய மீனையும் அதனோடு கிடைக்கக்கூடிய அன்பளிப்புப் பணத்தையும் அவர் அந்த ஒரு சொல்லில் விடுகிறார். பிடித்தபின் விடுதலைவிடப் பிடிக்காமலே விடுதல் அரிது. அதனைப் படம் எடுத்துக் காட்டவும் இயலாது.

இம்மீனைக் குறித்த மற்றோர் உண்மை நம் திணைக் கோட்பாட்டை நினைவூட்டுவது. பொருளுக்கு மதிப்பு அது நிற்கும் நிலத்தால் அமைகிறது என்பது சங்க மரபின் அடிப்படை. சிறுவாய் மீனின் சொந்த நிலம் பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ், ஒகையோ, டென்னசி, மேல் மிசிசிப்பி ஆகிய நீர்ப்பரப்புகள். இன்று அதன் புகழ்பாடும் பொட்டோமாக் ஆறு அதன் தாயகமன்று. 1854இல், பால்டிமோர்–ஒகையோ இருப்புப்பாதை மலையைக் கடந்து ஒகையோ ஆற்றங்கரையை எட்டிய மறு ஆண்டில், நீராவிப் பொறியின் நீர்த்தொட்டியில் துளையிட்ட பாத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் சில மீன்களை வைத்து மலைக்கு இப்பால் கொண்டுவந்தார்கள். மேரிலாந்தின் கம்பர்லாந்து ஊரில் விடப்பட்ட அம்மீன்கள் பொட்டோமாக் முழுவதும் பெருகின. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனபின், அயலார் என்று அவற்றை எவரும் நினைப்பதில்லை.

ஆனால் மேற்கே கதை வேறு. கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணையின் பவல் நீர்த்தேக்கத்தில் 1980களில் இம்மீன் விடப்பட்டது. வறட்சியால் நீர்மட்டம் தாழத் தாழ, மேற்பரப்பின் வெதுநீர் மின்பொறி வாயிலை எட்டி, மீன்களும் அதனோடு அணைக்குக் கீழே இறங்கின. 2022இல் அவை அணைக்குக் கீழே இனம் பெருக்குவது கண்டறியப்பட்டது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலோ, உலகில் வேறெங்கும் இல்லாத கொலராடோ ஆற்றுப்படுகைக்கே உரிய கூன்முதுகு சப் என்னும் மீன் வாழ்கிறது. அதன் குஞ்சுகளைச் சிறுவாய் மீன் தின்று தீர்த்துவிடும் என்பது அச்சம். ஆகவே 2024 கோடையில் அணையின் அடியாழத்துக் குளிர்நீரைத் திறந்து விட்டு, சிறுவாய் மீன் முட்டையிட ஏற்ற வெப்பத்தை ஆறு எட்டாதவாறு தடுக்க முயன்றனர். ஒரே மீன், ஒரே தந்தைக் காவல். சஸ்குவெஹானாவில் அதன் கூட்டைத் தீண்டாமல் விலகுவது அறம். கொலராடோவில் அக்கூடு அமையாமற் செய்வது அறம். அறத்தை நிலத்திலிருந்து பிரித்துப் பேசும்போது அது வெறும் வாய்பாடாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தன் புகழ்பெற்ற ஆறுகளிலும் இம்மீன் நலமாக இல்லை. 2003இல் பொட்டோமாக்கின் தென்கிளையில், மேற்கு வர்ஜீனியாப் பகுதியில், ஆண் சிறுவாய் மீன்களின் விதைப்பைகளுக்குள் முதிராத முட்டைகள் இருப்பது தெரியவந்தது. அமெரிக்கப் பெரு ஆறுகள் பலவற்றில் 1995 முதல் 2004 வரை எடுத்த மீன்களை ஆராய்ந்து அந்நாட்டு நிலவியல் அளவைத் துறையினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் சிறுவாய் மீன்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிடம் இக்குறை காணப்பட்டது. வயல்களின் பூச்சிக்கொல்லி, கால்நடைக் கழிவு, நகரக் கழிவுநீரில் வரும் மருந்து எச்சங்கள் ஆகியவை உடலின் சுரப்பிகளைக் குழப்புகின்றன என்பது ஆய்வாளர் ஐயம். 2005 கோடையில் சஸ்குவெஹானாவில் அவ்வாண்டுக் குஞ்சுகள் நோயுற்றுப் பெருந்தொகையாக மடிந்தன. பின்னர் பென்சில்வேனியா மாநிலம் அந்த ஆற்றின் ஒரு பெரும்பகுதியில், பிடித்த சிறுவாய் மீனை உடனே விட்டுவிட வேண்டும் என விதித்தது.

இந்தச் சீர்கேட்டை முதலில் உணர்ந்தவர்களுள் வழிகாட்டிகளும் இருந்தனர் என்பது இயல்பே. ஆய்வுக்கூடம் ஆண்டில் சில நாட்கள் ஆற்றுக்கு வருகிறது. அவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். உடலில் புண்ணோடு வந்த மீனையும், முன்பு குஞ்சுகள் திரண்ட கரையோரம் வெறுமையாய்க் கிடந்ததையும் அவர்கள் கை அறிந்தது. ஒருவகையில் வாழ்க்கைத்தொழிலே அவர்களைச் சாட்சிகளாக்கியது. ஆற்றைப் பற்றிய கெட்ட செய்தியைச் சொன்னால் வாடிக்கையாளர் குறைவர். சொல்லாவிட்டால் ஆறு குறையும். இந்த இருதலைக் கொள்ளியில் நின்று, சொல்வதையே தேர்ந்தவர்கள் உண்டு.

கவிஞர் பெருமக்களே, மயிரும் இறகும் கொண்டு பொய்யீ ஒன்றைக் கட்டுபவனுக்கு மெய்யான ஆற்றைப் பற்றிய அறிவு வேண்டும். அவன் கட்டும் பொய் எத்துணைச் சிறந்ததோ, அத்துணைக்கு அவன் மெய்யை உற்று நோக்கியிருக்கிறான் என்பது பொருள். கூட்டின்மேல் நிற்கும் தந்தையைக் கண்டு அந்தப் பொய்யைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடும் அதே உற்று நோக்கலிலிருந்து வருவதே. உவமையை எங்கே இடுவது என்று அறிந்தவர் பலர். எங்கே இடலாகாது என்று அறிந்தவர் சிலர். ஒருவர் துயரைப் பாடினால் கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்தும், அத்துயர் இன்னும் காவல் நிற்கும் கூடு என்பதை உணர்ந்து விலகிச் செல்லும் கவிஞரும் அந்தச் சிலருள் ஒருவர்.

பத்தாண்டுக் காலம் திங்கள்தோறும் கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் செவிமடுத்து, போற்றத்தக்கதைப் போற்றியும் விலக்கத்தக்கதை விலக்கியும் வந்த இவ்வட்டத்துக்கு, ஆற்றோட்டத்தில் படகைப் பின்னிழுத்து நிறுத்தும் அந்த உழைப்பு புதியதன்று. அவசரமாக ஓடும் காலத்தில் சொல்லுக்கு உரிய பொழுதைப் பெற்றுத் தரும் பணி அது. அப்பணி மேலும் பல பத்தாண்டுகள் தொடர வாழ்த்தி, இவ்வுரை நிறைவு பெறுகிறது.